நெருஞ்சி முளைக்கிற இடம்

"வேலை போனா போகட்டும் சார். திருடன்ங்கிற பேரோட எப்படி வீட்டுக்குப் போறது?" என்றார் கிடங்குக் காவலாளி, துப்பறிவாளரிடம்.

ஞாயிறு மதியம், பூட்டியிருந்த கிடங்கிலிருந்து தண்ணீர் மோட்டார் காணாமல் போயிருந்தது. பூட்டு உடையவில்லை. சாவி காவலாளியிடம் ஒன்று, முதலாளியின் மருமகனிடம் ஒன்று. காவலாளி முன்வாசலில் இருந்தார். மருமகனோ காலையில்தான் சைக்கிளுக்குப் புது டயர் மாட்டி, மதியம் வாய்க்கால் கரையோடு நண்பன் வீட்டுக்குப் போனாராம். மருமகன் வீட்டு வாசலிலேயே கரை தொடங்குகிறது. நடுவழியில் பஞ்சராகித் தள்ளிக்கொண்டே போனாராம். புது டயர் வேறெங்கும் உருளவில்லையாம்.

துப்பறிவாளரும் அவர் மச்சானும் அலையாத இடமில்லை. கரை முழுக்க ஈரப் புல். மச்சானின் செருப்பில் சேறு அப்பியது. கிடங்கு வளாகத்தின் பின்பக்கச் சுற்றுச்சுவர் ஓரிடத்தில் இடிந்து கிடந்தது. அதற்கப்பால் காய்ந்த மணல் பொட்டலில் நெருஞ்சி மஞ்சளாகப் பூத்துப் படர்ந்திருந்தது.

"தடமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல." மச்சான் ஒற்றைக்காலில் நின்று செருப்பிலிருந்து முள்ளைப் பிடுங்கினான். "எங்கக்கா உங்களைக் கட்டிக்கிட்ட பாவத்துக்கு நான் முள்ளு பிடுங்குறேன்."

"தூக்கிப் போட்டுடாதே," என்றார் துப்பறிவாளர்.

மறுநாள் முதலாளியும் காவலாளியும் இருக்க, கிடங்கு அலுவலகத்தில் மருமகன் சலித்துக்கொண்டார். "எத்தனை தடவை சொல்றது? டயரைப் பாருங்க. சாட்சிக்காகத்தான் பஞ்சர்கூட ஒட்டாம வச்சிருக்கேன்."

டயரில் குத்தி நின்ற முள்ளைத் துப்பறிவாளர் நெம்பி எடுத்து, மச்சானின் முள்ளுக்குப் பக்கத்தில் மேசைமேல் வைத்தார்.

"ரெண்டும் நெருஞ்சி. வெயில் காயற வறண்ட மண்ணுலதான் படரும். கரையில தண்ணி தேங்குது. தேடிப் பார்த்துட்டோம், ஒரு கொடிகூட இல்ல. இருக்கிறது உங்க பின்சுவருக்கு வெளியேதான்."

"வேற எப்பவாவது ஏறியிருக்கும்."

"புது டயர்ல? கரையைத் தவிர அது வேற எங்கயும் உருளலைன்னு நீங்கதானே சொன்னீங்க. மோட்டாரைக் கேரியர்ல வச்சு அந்தப் பொட்டல் வழியாப் போயிருக்கீங்க."

மருமகன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி எழுந்து கதவைச் சாத்தினார்.

"வீட்டு விஷயம், வெளிய போக வேணாம்," என்றார் காவலாளியிடம். "நீ நாளைக்கு வேலைக்கு வந்துடு. மோட்டார் கிடைச்சிடுச்சுன்னு சொல்லிக்கலாம்."

"எடுத்தது யாருன்னு சொல்றதாம்?" மச்சான் பல்லைக் கடித்தான்.

"அதை யார் கேக்கப்போறா?"

காவலாளி போய்க் கதவை அகலத் திறந்தார். மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார், இங்க வாங்க," என்று துப்பறிவாளரைக் கூப்பிட்டார். "இவங்ககிட்டயும் ஒரு தடவை சொல்லுங்க. முதல்லேர்ந்து."