கட்டைவிரல் கட்டு

எக்ஸ்ரே மேசையில் மல்லாந்து கிடந்த பொன்னுரங்கத்தின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் ஒரு வெள்ளைத் துணியால் படம் எடுப்பவன் சேர்த்துக் கட்டியபோது, பக்கத்தில் நின்ற அவர் மகள் செல்வி ஓர் அடி முன்னே வந்தாள். போன வருடம் அம்மாவுக்கு அப்படித்தான் கட்டினார்கள். செத்தவர்களுக்குத்தான் அப்படிக் கட்டுவார்கள்.

“இன்னா தம்பி இது? உசுரோட இருக்கறவருக்கு இப்படிக் கட்டலாமா?”

“பாதம் உள்பக்கம் திரும்பி நின்னாத்தாங்க்கா, இடுப்புல புதுசா வச்ச பந்து கிண்ணத்துல சரியா உக்காந்துகினு இருக்கான்னு தெரியும். படம் எடுத்ததும் அவுத்துடலாம்,” என்றான் அஜித்குமார். அந்தக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் படம் எடுப்பவன் அவன்தான்.

படம் நன்றாக வந்தது. உலோகக் கிண்ணம், அதற்குள் வழவழப்பாக ஒரு பந்து. டாக்டர் வீட்டுக்குப் போகச் சொன்னார். கால்கள் ஒன்று சேரக்கூடாது, நடுவில் தலையணை இருந்துகொண்டே இருக்க வேண்டும், பந்து நழுவினால் திரும்ப அறுக்க வேண்டிவரும், அதை இந்த இதயம் தாங்காது என்றார். செல்வி தலையாட்டினாள். நினைப்பெல்லாம் இடுப்பில் செருகியிருந்த துணியில்தான் இருந்தது. கட்டை அவிழ்த்தவள் அவள். அந்தத் துணியைக் கண்ட இடத்தில் போட மனம் வரவில்லை, வீட்டுக்குக் கொண்டுபோகவும் கூடாது. அம்மாவின் கட்டைச் சுடுகாட்டில்தான் அவிழ்த்துக் குழிக்குள் போட்டார்கள். ஆகவே மூங்கில்துறைப்பட்டு தாண்டி ஊருக்குள் நுழையும் முன் காரை நிறுத்தச் சொல்லி, அம்மாவைப் புதைத்த மேட்டோரம் மண்ணைக் கையால் விலக்கி, துணியைச் சுருட்டி உள்ளே வைத்து மூடினாள். அப்பாடா என்றிருந்தது.

அன்று சாயங்காலம், சர்க்கரை ஆலையின் புளித்த பாகு வாடை ஜன்னல் வழியாக உள்ளே வந்து தேங்கி, கரும்பு டிராக்டர்கள் ஒவ்வொன்றாக உறுமிக்கொண்டு போய்ச் சாலை அடங்கிய பிறகு, சமையலறையில் நின்றிருந்த செல்விக்கு அப்பாவின் அறையிலிருந்து துணி உரசும் சத்தம் கேட்டது. உரசும், நிற்கும், மறுபடி உரசும். போய்ப் பார்த்தாள். தலையணை தரையில் கிடந்தது. அப்பாவின் தலை கட்டிலின் நடுவுக்கு வந்திருந்தது. குதிகால்கள் கட்டிலைத் தாண்டி வெளியே நீட்டியிருந்தன. கட்டைவிரல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

“யாரும்மா என் காலப் புடிச்சிகினு இருக்கறது? கையி ஜில்லுன்னு இருக்குது.”

“யாரும் இல்லப்பா. மருந்து மயக்கம்.”

அவரை மேலே நகர்த்தித் தலையணையை வைத்தாள். விரல்களைப் பிரித்தாள். பிரிந்தன. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெதுவாகத் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டன. அறையில் பாகு வாடை போய், ஈர மண்ணின் வாடை அடித்தது.

மறுநாள் காலை வலி தாங்காமல் அப்பா அழுதார். திரும்பவும் அதே மேசை. இந்த முறை அஜித்குமார் எதையும் கட்டவில்லை. கட்ட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. திரையை அவன் வெகுநேரம் பார்த்தான்.

“பந்து பாதி வெளிய வந்துட்டுதுக்கா. ஆனா நழுவுனா சதை இழுத்து மேலதான் ஏறும். எல்லாருக்கும் அப்படித்தான். இது கீழ எறங்கிகினு இருக்குது. யாராவது காலப் புடிச்சி இழுத்தாத்தான் இப்படி வரும்.”

அப்போதுதான் செல்விக்கு உறைத்தது. உயிரோடு இருக்கிறவரின் கட்டைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டில் ஒப்படைத்துவிட்டு வந்திருக்கிறாள். யாரும் கேட்கவில்லை. அவளாகவே கொடுத்தாள்.

அறுக்காமல், லேசான மயக்கத்தில் கையாலேயே உள்ளே தள்ளிப் பார்ப்பதாக டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த தன் அண்ணனை அப்பாவிடம் உட்கார வைத்துவிட்டு அவள் பஸ் ஏறினாள்.

உச்சி வெயிலில் மேட்டோரம் தோண்டினாள். நேற்று விரல் ஆழத்தில் வைத்தது முழங்கை ஆழத்தில் அகப்பட்டது. சுருட்டி வைத்த துணி இப்போது சுருளாக இல்லை. நேராகக் கீழே போனது. விறைப்பாக இருந்தது. இழுத்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள்.

கீழேயிருந்து வெடுக்கென்று ஓர் இழுப்பு.

துணி உள்ளே போய்விட்டது.

போன் அடித்தது. அண்ணன். “டாக்டரு உள்ள தள்ளிட்டாரும்மா. சரியா இருக்குதான்னு படம் எடுக்கப் போறாங்க. வா.”

பஸ்ஸில் வழி முழுக்க அழுதுகொண்டே வந்தாள். தப்பித்துவிட்டோம் என்று நினைத்து அழுதாள்.

எக்ஸ்ரே அறைக்குள் நுழைந்தபோது அஜித்குமார் திரைக்கு முன்னால் நின்றிருந்தான். திரையில் கிண்ணம் காலியாக இருந்தது. அதற்குள் பந்து இல்லை. பக்கத்திலும் இல்லை. படத்தின் கீழ் விளிம்பு வரை தேடினாள். இல்லை.

“செல்வி.” அப்பாவின் குரல்.

மேசையில் அப்பா நகர்ந்துகொண்டிருந்தார். அவளும் அண்ணனும் ஓடிப்போய் அவர் அக்குள்களைப் பிடித்தார்கள். நகர்வது நிற்கவில்லை. அவர்களையும் சேர்த்து இழுத்தது.

“வுட்டுடும்மா. வலிக்குது.”

அவள் விடவில்லை. அப்பாவின் பாதங்கள் மேசையைத் தாண்டின. பிறகு முழங்கால்கள். பிறகு தொடைகள். கால்கள் மடங்கித் தொங்கவில்லை. விறைத்து, ஒட்டி, காற்றில் நேராக நீண்டு, திறந்திருந்த கதவை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தன.