லாமுக்கு ஆர் சொல்லுறது?

மெல்பேணில் பழைய ஆமிக்காரருக்கென்று இருந்த ஒரு ஆஸ்பத்திரியின் பின்பக்க வாட்டுக்கு நர்ஸ் சிவனேஸ்வரியை மாற்றினது எழுபத்தைந்தாம் ஆண்டு ஏப்ரலில். குளிர் மெல்லத் தலைகாட்டத் தொடங்கியிருந்தது. செங்கல் சுவர், உயரமான யன்னல்கள், மிதித்தால் முனகுகிற பலகைத் தரை, மூக்கைப் பிடிக்கிற டெட்டோல் மணம். பயப்பட அங்கே என்ன இருக்கு? இருமலும் குறட்டையும் பகிடியுமாய்க் கிழவர்கள் கிடக்கிற இடம். வந்த முதல் நாளே அவளை 'சிஸ்டர் சிவா' ஆக்கிவிட்டார்கள்.

சிவனேஸ்வரி யாழ்ப்பாணத்துப் பிள்ளை. புருஷன் விக்னராஜா கிளேட்டனில் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். அவளிடம் ஒரு பழக்கம். டியூட்டி முடிந்து வெளிக்கிடும்போது ஒவ்வொரு கட்டிலடியிலும் நின்று "போட்டு வாறன்" என்று தமிழிலேயே சொல்லுவாள். வெறுமனே 'போறன்' என்று சொல்ல அவளுக்கு நாக்கு வளையாது. கிழவர்களும் அதைப் பிடித்துக்கொண்டு, கண்டபடி உச்சரித்துத் திருப்பிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சிரிக்காதவன் ஒருத்தன்தான். யன்னலோரக் கடைசிக் கட்டில், கொலின். முப்பது வயசு ஆகேல்லை. ஈரல் பழுதாகி, கண்முழி மஞ்சளாகிக் கிடந்தான். மற்றவர்கள் எல்லாரும் இரண்டாம் உலக யுத்தத்துக்காரர்; அவர்களுக்கு மெடலும் மாலையும் இருந்தது. இவன் வியட்நாமுக்குப் போய் வந்தவன். அந்தச் சண்டையைப் பற்றி ஊரில் ஆரும் வாய் திறக்கிறதில்லை. அவனைப் பார்க்கவும் ஒருத்தரும் வாறதில்லை.

அப்படித்தான் அவள் நினைத்திருந்தாள்.

ஒருநாள் பொழுதுபடுகிற நேரம், கொலினுக்கு மருந்து கொடுக்கப் போனவளுக்கு ஒரு மணம் அடித்தது. மழையில் நனைந்த செம்மண் மணம். ஊரில் தோட்டக் காணிகளில் முதல் மழைக்கு எழும்புமே, அதே மணம். யன்னல் பூட்டிக் கிடந்தது. வெளியில் மழையும் இல்லை. குனிந்து பார்த்தாள். கட்டிலடியில் தரை ஈரம். தண்ணீர் ஊற்றுப்பட்டிருக்கும் என்று துணியால் துடைத்தாள்.

துணி சிவந்து போயிற்று.

"அவன் நிக்கிறான், சிஸ்டர்," என்றான் கொலின், குரல் வெளிவராமல்.

"ஆர்?"

"லாம்."

அவள் திரும்பிப் பார்த்தாள். ஆருமில்லை. பார்க்க வாறவர்களுக்கென்று போட்ட கதிரை மட்டும் இருந்தது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

காய்ச்சலில் பிதற்றுகிறான் என்றுதான் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தக் கதிரையைத் துடைக்க அவள் கிட்டப் போகேல்லை.

அந்தக் கிழமை முழுக்க ஹோலில் இருந்த ரிவியில் வியட்நாமின் சைகோன்தான். டாங்கிகள் கிட்ட வந்துவிட்டன, சனம் மூட்டை முடிச்சோடு ரோட்டு ரோட்டாய் ஓடுது. ஒரு கிழவர் ரீயை உறிஞ்சிக்கொண்டு, "இப்ப அது எங்கட சண்டை இல்லை. நாங்கள் அப்பவே வந்திட்டமே," என்றார். கொலின் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

அன்று பின்னேரம் அவன் அவளை மறித்தான். "சிஸ்டர், நீங்கள் போகேக்க ஏதோ சொல்லுறியள். அதுக்கு என்ன அர்த்தம்?"

"போய்த் திரும்பி வருவன் எண்டு. எங்கட ஆக்கள் அப்படித்தான் சொல்லுவினம்."

"எல்லாரிட்டையும் சொல்லுவியளோ?"

"ஓம். செத்த வீட்டில மட்டும் சொல்லமாட்டம். அங்க ஒரு சொல்லும் சொல்லாமல் பேசாமல் எழும்பி வந்திடவேணும். வாறன் எண்டு சொன்னால், சாவும் பின்னால வந்திடும் எண்டு ஒரு பயம்."

கொலின் முகத்தை அவள் பக்கம் திருப்பினான். பிறகு சொன்னான்.

"எங்கட மேலதிகாரியளும் எங்களை அப்படிப் பேசாமல்தான் வரச் சொன்னவங்கள், சிஸ்டர். எழுபத்தொண்டில. விடியக் காம்பைக் கழட்டு, லொறியில ஏறு, ஊர்ச் சனத்துக்கு மூச்சு விடாதை எண்டு. அந்த ஊர் லாம்தான் எங்கட மொழிபெயர்ப்பாளன். நாங்கள் சொல்லுறதைச் சனத்துக்குச் சொல்லுவான், சனம் சொல்லுறதை எங்களுக்குச் சொல்லுவான். லொறிக்குப் பின்னால ஓடி வந்தான். அவன்ர மூஞ்சையைப் பார்த்து என்னால பேசாமல் இருக்கேலாமல் போச்சு. 'திரும்பி வருவம் லாம், சனத்திட்டச் சொல்லு' எண்டு கத்திப்போட்டன்."

"பிறகு?"

"சிரிச்சான். கையைக் காட்டிப்போட்டுச் சொல்லத்தான் ஓடினான். அதை நம்பி அந்த ஊர் வெளிக்கிடாமல் இருந்திட்டுது. அடிபாடு வரேக்கயும் இருந்திட்டுதாம். ஒருத்தரும் மிஞ்சேல்லை எண்டு பிறகு கேள்விப்பட்டன்." அவன் கண்ணால் தண்ணீர் வழிந்து தலையணைக்குள் இறங்கிற்று. "ஆனால் லாமுக்கு இன்னும் தெரியாது, சிஸ்டர். எப்ப வருவியள் எண்டு கேட்டுக்கொண்டு நிக்கிறான். வரமாட்டம் எண்டு அவனுக்கு ஆர் சொல்லுறது? எனக்கு வாய் வரேல்லை. நீங்கள் சொல்லுவியளோ?"

அவள் அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள். "விசர்க்கதை கதைக்காமல் படுங்கோ, ராசா," என்று போர்வையை இழுத்துவிட்டாள்.

மறுநாள் மத்தியானம் கொலின் போய்விட்டான். தாயும் இல்லை, சிநேகிதனும் இல்லை. அவள் கையைத்தான் பிடித்துக்கொண்டு போனான். உடம்பைத் துடைத்து, தலைமயிர் இழுத்துச் சீவி, வெள்ளைத் துணியால் மூடிவிட்டாள். வேலை முடிந்ததும் கோட்டைப் போட்டுக்கொண்டு வழக்கம்போல ஒவ்வொரு கட்டிலாய்ச் சொல்லிக்கொண்டு வந்தாள். கடைசிக் கட்டிலடியிலும் வாய் தன்பாட்டில் திறந்துவிட்டது.

"கொலின், போட்டு வாறன்."

சொன்ன பிறகுதான் விளங்கியது. சட்டென்று நாக்கைக் கடித்தாள்.

கதிரை கிறீச்சிட்டது.

இருந்த ஒருத்தர் எழும்புகிற சத்தம்.

பஸ் ஏறினதிலிருந்து வீடுவரைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவேயில்லை. பக்கத்து சீற் வெறுமையாய் இருந்தும் ஆரும் அதில் வந்து இருக்கவில்லை. செம்மண் மணம் கூடவே வந்தது. கிளேட்டனில் இறங்கினபோது வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. ஓட்டமும் நடையுமாய் வந்து, கதவைத் திறந்து, குசினிக்குள் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தாள். அது கொதிக்கிற சத்தத்தில் மனம் கொஞ்சம் ஆறினமாதிரி இருந்தது.

முன்கதவை ஆரோ தட்டினார்கள்.

மெல்ல. மரியாதையாய்.

புருஷன்தான் வீட்டுத் திறப்பை மறந்து வைத்துப்போட்டுப் போயிருப்பார் என்று போய்த் திறந்தாள்.

ஒரு சிறிய மனுஷன் நின்றான். வெள்ளைச் சேட்டு நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்தது. முழங்கால்மட்டும் செம்மண். அவன் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அவள் கத்திக்கொண்டு ஓடியிருப்பாள். கோபமில்லை. நல்ல சேதி ஒன்றுக்குக் காத்து நிற்கிறவனின் முகம் அது.

"மன்னிக்கவேணும், மிஸ்," என்றான், கொலினைப்போலவே இழுத்த இங்கிலிஷில். "அவையள் எப்ப வருகினம்?"

ஒரே ஒரு பொய். 'கெதியில வருவினம்' என்றால் போதும், சந்தோஷமாய்த் திரும்பிப் போயிருப்பான். வாயில் அது வந்தும்விட்டது. ஆனால் அந்தச் சொல்லை ஏற்கெனவே ஒருத்தன் இவனுக்குச் சொல்லிவிட்டானே! அதைத் தானும் சொல்ல அவளுக்கு மனம் வரேல்லை.

"வரமாட்டினம், ஐயா," என்றாள். "கொலின் இண்டைக்குச் செத்துப்போனான். உங்களை நினைச்சுத்தான் செத்தவன். மற்றவையள் வரமாட்டினம். நீங்கள் இனிக் காத்து நிக்காதேங்கோ."

லாம் தலையைச் சரித்து ஒரு சொல் விடாமல் கேட்டான். அவனுக்கு அது தொழில். முடிந்ததும் தலையாட்டினான். பிறகு ரோட்டுப்பக்கம் திரும்பி, தன் பாஷையில் நிதானமாய்ச் சொல்லத் தொடங்கினான்.

ஆருக்குச் சொல்லுகிறான் என்று அப்போதுதான் அவள் பார்த்தாள்.

படலையடியில் ஒரு பொம்பிளை, இடுப்பில் பிள்ளை. அவளுக்குப் பின்னால் சட்டி பானையோடு இன்னொருத்தி. வேலியோரம் முழுக்க, நடைபாதை முழுக்க, ரோட்டு வளைகிற முடக்குமட்டும் சனம். தலையில் மூட்டையோடு, நனைந்தபடி, கூப்பிட்டால் வெளிக்கிட ஆயத்தமாய். சொன்னது ஒரு வாயிலிருந்து மற்ற வாய்க்கு மெல்லமெல்லப் பின்னுக்குப் போனது. அவர்கள் குழறியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். ஒருத்தரும் அழவில்லை. பின்னாலிருந்து ஒரு கிழவி மட்டும் எதையோ கேட்டாள். லாம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு இவளிடம் திரும்பினான்.

"மிஸ், அவையள் கேக்கினம்…"

கூட்டத்தை ஒருக்கால் திரும்பிப் பார்த்தான்.

"அப்ப நாங்கள் எங்க போறது எண்டு கேக்கினம்."

சிவனேஸ்வரிக்கு அழுகைதான் வந்தது.

அந்த நேரம்தான் விக்னராஜா முடக்கால் திரும்பி வந்தான். கையில் புத்தகப் பை. நேரே நடக்காமல், சனம் நெருக்கின இடத்தில் நடக்கிறவனாய்த் தோளைச் சரித்துச் சரித்து, அங்கையும் இங்கையும் ஒதுங்கி வந்து வாசற்படி ஏறினான்.

"என்னப்பா, ஏன் இந்தக் குளிருக்குள்ள நிண்டு அழுகிறீர்?" என்றான். பிறகு திரும்பி வெறும் ரோட்டைப் பார்த்தான். நெற்றியைச் சுருக்கினான். "விசர்தான் எனக்கு. ஒருத்தரும் இல்லை, ஆனால் கால் வைக்க இடமில்லாத மாதிரிக் கிடக்கு. கதவைச் சாத்தும்."

அவன் உள்ளே போய் லைற்றைப் போட்டான். அவன் சப்பாத்து பட்ட இடமெல்லாம் விறாந்தையில் சிவந்து கிடந்தது.

அவள் கதவைப் பிடித்தபடி நின்றாள். சாத்த முடியவில்லை. லாம் பதிலை மொழிபெயர்க்கக் காத்து நின்றான்.