கோட்டைக் கல் இருக்கும் வீடுகள்

அளவு டேப்பை இழுத்துக்கொண்டே பின்னோக்கி நடந்து வந்தவன் நேராகச் சுண்ணாம்புக் குழியில் காலை விட்டான்.

"கண்ணு இன்னா முதுகுலயா கீது சாரு... கடுக்காத் தண்ணி ஊத்தி பத்து நாளு ஊறப்போட்டது."

கோட்டைப் பழுதுவேலைக்குச் சுண்ணாம்பு குழைத்து மண்வெட்டியோடு நின்ற துர்காதேவியைத் திரும்பிப் பார்த்தான் தமிழ்வாணன். இடிந்த கோட்டையை அளக்க வந்த சர்வேயர். வியர்வையில் சுண்ணாம்பு அப்பிய அவள் முகம்... அதில் அந்தக் கண்கள் மட்டும் கழுவி வைத்ததுபோல் இருந்தன. அளவு மறந்துபோனது.

அசடு வழியாமலிருக்க முறைப்பாகப் பேசினான். "பாதிச் சுவர ஊரே தூக்கிகினு பூட்ச்சி. யார் யார் வூட்ல கோட்டக் கல்லு கீதுன்னு லிஸ்ட் எடுக்கறேன்."

அவள் மண்வெட்டி நின்றது.

புயலில் சுவர் சாய்ந்த வருஷம் ஊரோடு சேர்ந்து அவள் அப்பா எல்லப்பனும் கூடை கூடையாய்ச் சுமந்தார். அந்தக் கல்லில்தான் அடுப்படிச் சுவர் நிற்கிறது. 'துரைங்க தூங்கின ரூமு கல்லு, நம்ம வூட்ல எறா வேகுது' என்று இன்றும் சிரிப்பார். அதைப் பிடுங்கினால் கூரையே உட்காரும்.

மறுநாள் மழையோடு அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"எழுதறதுன்னா எம் பேர எழுது. எங்கப்பன இழுக்காத," என்றாள். கெஞ்சவில்லை. சுண்ணாம்பில் வெடித்த விரலால் அடுப்படிச் சுவரைக் காட்டினாள்.

அவன் சுவரில் உள்ளங்கையை வைத்தான். கோட்டையில் இருக்கும் அதே தட்டையான சின்னச் செங்கல்... எழுதினான்.

"இன்னா எழுதின?"

நோட்டை நீட்டினான். கடைசி வரியில் அவள் வீடு. முதல் வரியில், 'புதுப்பட்டினம், தமிழ்வாணன் வீடு, துணி துவைக்கும் மேடை, 40 கல்.'

"உன் வூட்லயுமா?"

"எங்க தாத்தா தூக்கினு வந்தது. யாரும் இடிக்க மாட்டாங்க. போட்டோ புடிச்சி குறிச்சி வைப்பாங்க, அவ்ளோதான்."

நேற்றிலிருந்து அவளைப் பிடித்திருந்த பயம் விட்டது. கூடவே கோபமும் வந்தது.

"இத்த நேத்தே சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லியிருந்தா நீயே கல்ல எண்ணிச் சொல்லிட்டிருப்ப. இங்க வர எனக்கு ஏது சாக்கு..." தலை குனிந்தான். "உன்னப் பாக்கணும்னு இருந்திச்சி."

மழை கூரையில் தடதடத்தது. அவள் நோட்டை மூடிக் கொடுத்தாள்.

"நாப்பதுன்னு எழுதிக்கீற. குழி இருக்கறதே தெரியாம கால வுட்ட ஆளு நீ... நம்ப முடியாது. ஞாயித்துக்கிழம அப்பாவோட உன் வூட்டுக்கு வரேன். நானே எண்ணிப் பாக்கறேன்."