அருவிப் படத்தில் ஓர் ஓட்டை

சுற்றுலாத் துறை இயக்குநர் வணக்கம்கூடச் சொல்லவில்லை. கொண்டுவந்த சுவரொட்டிச் சுருளை மேசையில் விரித்து, அது மறுபடி சுருளாதபடி கைக்குக் கிடைத்ததையெல்லாம் மூலைக்கு மூலை வைத்தார். மைப்புட்டி, அகராதி, துப்பறிவாளரின் மூக்குக்கண்ணாடிக் கூடு, அவர் இன்னும் குடித்து முடிக்காத காபி.

"பாருங்க சார். நகரம் முழுக்க நாப்பது இடத்துல ஒட்டியிருக்கோம். நாப்பதுலயும் இதே ஓட்டை."

மழைக்கால அருவி ஒன்று சுவரொட்டி முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே, ‘தண்ணீர் வந்தாச்சு, நீங்க எப்போ?’ என்று கொட்டை எழுத்தில் அழைப்பு. இடது கீழ் மூலையில், பாறை இருக்க வேண்டிய இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நீள்சதுர ஓட்டை. கிழித்த ஓட்டை அல்ல. பிளேடு வைத்துப் பொறுமையாக வெட்டிய ஓட்டை. அதன் நான்கு முனைகளும் மழுங்கி வளைந்திருந்தன.

"வர்ற ஞாயித்துக்கிழமை சீசன் தொடக்க விழா. அமைச்சர் வர்றார். பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவன் எல்லாம் ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பாக்குறான். யார் பண்ணினதுன்னு விழாவுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

"பக்கத்து மாநிலத்துக்காரங்க," என்றார் துப்பறிவாளரின் மைத்துனர், யாரும் கேட்காமலே. பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்று, அக்கா வீட்டுக்காரரின் தொழிலில் ஒட்டிக்கொண்டவர் அவர். எந்த வழக்கிலும் முதல் ஐந்து நிமிடத்தில் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். பிறகு நாலு நாள் அந்த ஆளை விடுவிப்பதில் கழியும். "அவங்களுக்கும் அருவி இருக்கு அத்தான். போட்டி."

"இருக்கட்டும் மாப்ளே," என்றார் துப்பறிவாளர். ஆனால் அவர் குரலில் வழக்கமான நிதானம் இல்லை. இந்த அருவியை அவருக்குத் தெரியும்.

போன வருடம் சீசன் தொடங்கிய முதல் நாள், குடும்பத்தோடு குளிக்க வந்த ஒரு தையல்காரரைக் காலை பத்து மணிக்குத் திடீர் வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. விசாரிக்கச் சொல்லித் துறை இவரைத்தான் கூப்பிட்டது. இவரும் ஒரே நாளில் விசாரித்து இரண்டு பக்கத்தில் அறிக்கை கொடுத்தார். அருவிக்கரைக் காவலர், ஊரார் கொடிக்காரர் என்று கூப்பிடுகிற மனிதர், சிவப்புக் கொடி ஏற்றவில்லை. அதனால் உயிர் போனது. ‘பத்து மணிக்குக் கொடி பறந்ததா?’ என்று அவரிடம் கேட்டபோது ‘இல்லை’ என்றார். அதற்குமேல் தன் பக்கம் நியாயமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மௌனம் ஒரு வருடமாகத் துப்பறிவாளரை உறுத்திக்கொண்டிருந்தது.

"கொடிக்காரர் கேஸ் என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"வர்ற வெள்ளிக்கிழமை கடைசி விசாரணை. வேலை போயிடும், குடியிருப்பையும் காலி பண்ணணும். உங்க அறிக்கைதான் இருக்கே," என்றார் இயக்குநர், பாராட்டுகிற தொனியில். துப்பறிவாளர் காபியை எடுத்தார், குடிக்காமல் வைத்தார்.

"இந்த ஓட்டை இருக்கிற இடத்துல என்ன இருந்துச்சு?"

இயக்குநர் தன் கைப்பேசியில் முழுப் படத்தைக் காட்டினார். பாறை, பாசி, பாறைமேல் கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளி. "ஏதோ காட்டுப் பூ. எங்க ஓவியர்கூட எடுப்பா இருக்குன்னு விட்டுட்டார்."

அன்று மதியமே மைத்துனர் பேருந்து நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். சுவரொட்டி முன் துப்பறிவாளர் நின்ற நேரத்தில் மூன்று பேருந்துகள் கிளம்பிப் போயின.

"ஓட்டைக்குள்ள சுவரைத் தொட்டுப் பாரு மாப்ளே."

"சுத்தமா இருக்கு அத்தான்."

"ஒட்டினதுக்கு அப்புறம் வெட்டியிருந்தா பசையும் காகிதத் துணுக்கும் சுவரிலேயே தங்கியிருக்கும். ஒட்டுறதுக்கு முன்னாடியே வெட்டியிருக்காங்க. அப்படின்னா பக்கத்து மாநிலத்துக்காரங்க துறையோட ஸ்டோர் ரூமுக்குள்ள புகுந்திருக்கணும்."

மைத்துனர் பக்கத்து மாநிலத்தைக் கைவிட்டார். சுவரொட்டி ஒட்டும் தொழிலாளியும் அதையே சொன்னார்: "ரோலைப் பிரிக்கும்போதே ஓட்டைதான் சார். ஆபீஸ்காரங்க புது டிசைன் பண்ணியிருக்காங்கன்னு நினைச்சேன். அவங்க பண்றது எது நமக்குப் புரிஞ்சிருக்கு?"

பேசிக்கொண்டே ஓட்டையின் விளிம்பைத் தடவிய மைத்துனரின் விரலில் லேசாக ஊதா ஒட்டியிருந்தது. "அச்சு மை," என்று துடைக்கப் போனார். துப்பறிவாளர் விரலைப் பிடித்துக்கொண்டார். பச்சையும் நீலமும் வெள்ளையும்தான் சுவரொட்டியில் இருந்தன. ஊதா எங்குமே இல்லை.

அங்கிருந்து அச்சகம். மாதிரிக்கு எடுத்துவைத்த ஓட்டையில்லாத பிரதி ஒன்று அங்கே கிடைத்தது. துப்பறிவாளர் அதன்மேல் பூதக்கண்ணாடியைப் பிடித்தார். பிறகு கண்ணாடியை மைத்துனரிடம் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"பூ இல்ல அத்தான். கம்பம் தெரியுது. கொடி. சிவப்புக் கொடி."

"படம் எடுத்தவருக்குப் போன் போடு. எந்த நாள்னு கேளு."

படக்காரர் யோசிக்கவே இல்லை. சீசன் சுவரொட்டி எப்போதுமே போன சீசனில் எடுத்த படம்தான். தண்ணீர் வருவதற்கு முன் தண்ணீரைப் படம் எடுக்க முடியாதே. "முதல் நாள் காலைல ஆறரைக்கு எடுத்தேன் சார். வெளிச்சம் ஏறினா அருவி வெளுத்துடும், அதனால அடுத்த பஸ்ல திரும்பிட்டேன். மறுநாள் போனா மூடிட்டாங்க. அந்த சீசன் முழுக்கத் திறக்கவே இல்ல. கொடியா? நான் அருவியைத்தான் பாத்தேன்."

மைத்துனர் கைப்பேசியைக் கீழே வைத்தார். தையல்காரர் இறந்த அதே காலை. ஆறரைக்குச் சிவப்புக் கொடி பறந்திருக்கிறது.

"அப்ப நம்ம அறிக்கை..." என்று ஆரம்பித்தார்.

"நம்ம அறிக்கை இல்ல. என் அறிக்கை," என்றார் துப்பறிவாளர்.

மாலை நாலு மணிக்கு இருவரும் சுற்றுலாத் துறை அலுவலகத்தில் இருந்தார்கள். மாடியில் ஒரு மூலையில் அறிக்கைப் பிரிவு. பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு பதிவேடு, ஒரு ஸ்டாம்ப் பேட், ஓர் அம்மாள். நாளிதழ்களில் தினமும் வரும் ‘இன்றைய அருவி’ கட்டம் அவர் எழுதுவதுதான். இருபது வருடமாக எழுதுகிறார். எல்லாருக்கும் அவர் சீசன் அம்மா. எதிர் மேசையில் ஓவியர், அதற்கு அப்பால் ஸ்டோர்காரர். ஸ்டோர் ரூம் சாவி இந்த மூன்று பேரிடமும் புழங்கும்.

துப்பறிவாளர் பதிவேட்டைக் கேட்டு வாங்கினார். காலை ஆறரைக்கு அருவிக்கரையிலிருந்து கொடிக்காரர் தொலைபேசியில் சொல்லும் நிலவரத்தை அதில் எழுத வேண்டும் என்பது விதி. போன வருடமும் இதைத்தான் பார்த்தார். அந்த நாளுக்கு நேரே ‘6.30 – காவலர் தகவல் – இயல்பு’ என்று எழுதியிருந்தது. அதை நம்பித்தான் இரண்டு பக்கமும் எழுதினார். இப்போது கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மைத்துனரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இன்னிக்கு என்ன கிழமை மாப்ளே?"

"செவ்வாய்."

"படி."

"புதன். ஆறரை. காவலர் தகவல். இயல்பு. குளிக்க உகந்தது." மைத்துனர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல வரப்போற போனை இப்பவே எழுதிட்டாங்களா அத்தான்?"

"அது எப்பவும் உள்ளதுதான்," என்றார் பின்னால் வந்து நின்ற இயக்குநர். "சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள பத்திரிகைக்குக் கொடுத்தாத்தானே காலைல வரும்? கொடுக்கிறதையே பதிவேட்லயும் எழுதிடுவாங்க. ஏதாவது மாறினா காலைல ரேடியோவுக்குச் சொல்லித் திருத்திக்கலாம். எல்லாருக்கும் தெரியுமே."

எல்லாருக்கும் தெரியும். கேட்க வந்தவருக்கு மட்டும் தெரியவில்லை. அவர் அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வேலையை முடித்துவிட்டிருந்தார்.

இயக்குநரின் அறையில் மூன்று பேரையும் உட்கார வைத்தார்கள். துப்பறிவாளர் நின்றுகொண்டே பேசினார்.

"ஓவியர் மறைக்க நினைச்சிருந்தா அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே பாறையை வெட்டித் தள்ளியிருக்கலாம். நாப்பது தடவை பிளேடு பிடிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்ல. ஸ்டோர்காரர் வெட்டியிருந்தா அந்த ரோலைத் தன் கையாலேயே வெளியே கொடுத்து மாட்டிக்க மாட்டார், சேதம்னு எழுதி மூலையில போட்டிருப்பார். அச்சடிச்சு வந்ததுக்கு அப்புறம்தான் படத்தை முதல்முதலாப் பாத்த ஒருத்தர் வெட்டியிருக்கார். ஓட்டையோட முனை வளைஞ்சிருக்கு. ஏதோ ஒரு மூடியை வெச்சு அதைச் சுத்தி பிளேடை ஓட்டியிருக்கார். விளிம்புல ஊதா மை. இந்தக் கட்டடத்துல ஊதா ஸ்டாம்ப் பேட் வெச்சிருக்கிறது ஒரு மேசைதான்."

மைத்துனர் அதற்குள் போய் அந்த ஸ்டாம்ப் பேடின் தகர மூடியை எடுத்து வந்திருந்தார். சுற்றிலும் பிளேடு உரசிய கீறல்கள். இயக்குநர் கொண்டுவந்திருந்த சுவரொட்டியை விரித்து ஓட்டையின்மேல் வைத்தார், அளவு பிசகாமல் உட்கார்ந்தது. வழக்கமாக இந்த இடத்தில் அவருக்கு ஒரு சிரிப்பு வரும். இன்றைக்கு வரவில்லை.

சீசன் அம்மா மூடியைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறரைக்கு நான் வந்ததே இல்ல சார்," என்றார். "ஒன்பது மணிக்குத்தான் வருவேன். வீட்ல படுக்கையா கிடக்கிற மாமியார், அவங்களைப் பாத்துட்டுத்தான் கிளம்ப முடியும். இருபது வருஷத்துல ஒரு நாள்கூட எதுவும் ஆனதில்ல. அந்த ஒரு நாள் ஆச்சு. அவர் போன் பண்ணினாரா, இல்லையான்னு எனக்குத் தெரியாது. பூட்டின ரூம்ல அடிச்சா யாருக்குக் கேக்கும்? பண்ணியிருக்க மாட்டார், அவர் மேலதான் தப்புன்னு ஒரு வருஷமா எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரோல் வந்த அன்னிக்கு ஒண்ணை விரிச்சுப் பாத்தேன். கொடி ஏறியிருக்கு. கொடி ஏத்தினா கண்டிப்பா போன் பண்ணுவார் சார், அவரை எனக்குத் தெரியும்."

"மறைக்கலாம்னு வெட்டினீங்களா?" என்று கேட்டார் மைத்துனர், மெதுவாக.

"மறைக்கத்தான் ஆரம்பிச்சேன். பத்து வெட்டினதும் பைத்தியக்கார வேலைன்னு புரிஞ்சுது. அதே படம் அச்சகத்துல இருக்கும், போன்ல இருக்கும். அப்புறமும் வெட்டினேன். ஏன் ஓட்டைன்னு யாராவது ஒருத்தர் கேக்கட்டும்னு நினைச்சேனோ என்னவோ. வாயைத் திறந்து சொல்ல எனக்குத் தைரியம் இல்ல."

இயக்குநர் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "சார், ஓட்டை யார் போட்டதுன்னு தெரிஞ்சுபோச்சு. இதோட நிறுத்திக்கலாமே. ஞாயித்துக்கிழமை விழா..."

"வெள்ளிக்கிழமை விசாரணை," என்றார் துப்பறிவாளர். "புது அறிக்கை தர்றேன். உங்க பதிவேடும் அதுல வரும், நீங்க சொன்னதும் வரும்."

கொடிக்காரரின் வீட்டுக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. இரண்டு அறைக் குடியிருப்பு. பாதிச் சாமான்கள் ஏற்கனவே கட்டி வைக்கப்பட்டிருந்தன. கதவைத் திறந்த அவர் மனைவி, வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் வழிவிடாமல் நின்றார்.

"இன்னும் என்ன எழுதணும்?" என்றார்.

"தப்பா எழுதிட்டேன்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

உள்ளே கொடிக்காரர் எழுந்து நின்றார். துப்பறிவாளர் அச்சகப் பிரதியை விரித்து, சிவப்புப் புள்ளியைக் காட்டி, எல்லாவற்றையும் சொன்னார். பதிவேடு, பூட்டிய அறை, தான் கேட்ட ஒரே கேள்வி, கேட்காமல் விட்ட கேள்விகள். மைத்துனர் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். மனைவியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கடைசியில் கணவர் பக்கம் திரும்பினார்.

"கொடி ஏத்தியிருக்கீங்க. அப்புறம் ஏன் ஒரு வருஷமா வாயைத் திறக்கல? பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல எவ்வளவு பேச்சு கேட்டுச்சு?"

கொடிக்காரர் படத்தைத் திருப்பி வைத்தார்.

"ஆறு மணிக்குத் தண்ணி கலங்கி வந்துச்சு. கொடி ஏத்தினேன். நாலு தடவை போன் அடிச்சேன், யாரும் எடுக்கல. எட்டு மணி பஸ்ல அந்தத் தையல்காரர் வந்தார். கையில பேப்பர். ‘குளிக்க உகந்ததுன்னு போட்டிருக்கே, நீங்க சிவப்புக் கொடி போட்டிருக்கீங்களே’ன்னார். சண்டைக்கு வரல. தன்மையாத்தான் கேட்டார். பின்னாடி பிள்ளைங்க துண்டோட நிக்குது. தண்ணியும் கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருந்துச்சு. பெரிய ஆபீஸ், விசாரிக்காமலா போடுவாங்க, நம்ம கண்ணுதான் தப்பா இருக்கும்னு நினைச்சேன். நானே கொடியை இறக்கினேன்."

மனைவி மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"‘இப்ப போலாங்களா?’ன்னு கேட்டார். ‘போங்க’ன்னேன்."

மைத்துனர் துப்பறிவாளரின் காதருகே குனிந்தார். "ஏத்தினது படத்துல இருக்கு அத்தான். வேலை தப்பிச்சிடும். இறக்கினது யாருக்கும் தெரியாது. அதை விட்டுடுங்களேன்."

அது கொடிக்காரர் காதிலும் விழுந்தது. "முழுசா எழுதுங்க சார்," என்றார். "போன தடவை நீங்க பாதிதான் கேட்டீங்க. நானும் பாதிதான் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும்."

துப்பறிவாளர் பையிலிருந்து தாளை எடுத்தார். முதல் வரியில், சென்ற ஆண்டு தான் கொடுத்த அறிக்கை தவறானது என்றும் அந்தத் தவறு முழுக்கத் தன்னுடையது என்றும் எழுதினார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். தையல்காரர் கேட்ட கேள்விவரை எழுதியதும் பேனா நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதுங்க சார்," என்றார் கொடிக்காரர். "‘போங்க’ன்னு நான் சொன்னேன்."