நூற்று எழுபது துடிப்பு

ஷிஞ்சு நகரத்தின் காற்று அன்று மதியமும் ஆய்வுக்கூட ஜன்னல்களைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. மகளைப் பறிகொடுத்து ஏழு வாரம் கழித்து அன்றுதான் பெய்-ச்சீ வேலைக்கு வந்திருந்தாள். கணினி அடுக்கின் தலையில் வழக்கம்போல, மெஷின் தகராறு செய்யாமலிருக்க அந்த ஊரில் வைக்கும் பச்சைத் தின்பண்டப் பொட்டலம்.

"புதுசா மாத்திட்டேன் அக்கா. பழசா இருந்தா மெஷின் முறுக்கிக்கும்ல," என்றான் உடன் வேலை செய்யும் குவோ-ஹாவ். அவள் சிரிக்கவில்லை. அவன் தலையைச் சொறிந்துகொண்டு நகர்ந்தான்.

செயற்கை இதய வால்வுக்குள் ரத்தம் எப்படிப் பாய்கிறது என்று கணினியில் ஓட்டிப் பார்ப்பது அவள் தொழில். எட்டு வயது மகள் ஷின்-யூவின் நெஞ்சில் வைத்த வால்வுக்கும் அவளேதான் கணக்குப் போட்டாள். ஆனால் நிமிடத்துக்கு எண்பது துடிப்புக்கு மட்டும். அது உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கான கணக்கு. "நான் ஓடலாமாம்மா?" என்று கேட்டவளிடம், "தாராளமா ஓடு தங்கம்," என்று சொல்லிவிட்டாள். பள்ளி விளையாட்டு விழாவில் பாதித் தடத்தில் விழுந்தவள் எழவே இல்லை.

பிள்ளையைக் கொன்றது தன் கணக்குதானா? தெரிந்துகொள்ளாமல் சோறு இறங்காது அவளுக்கு. ஓடும் குழந்தைக்கான நூற்று எழுபது துடிப்பு என்று அடித்து ஓடவிட்டாள். முடிய மூன்று நாள் ஆகும்.

நான்கே நிமிடத்தில் முடிந்தது.

துடிப்பு வரிசையைத் திறந்தாள். அவள் கொடுத்த எண் அதில் இல்லை. தொண்ணூறில் தொடங்கி, நூற்றிருபது, நூற்றைம்பது என்று ஏறிக்கொண்டே போனது.

யாரோ ஓடிக்கொண்டிருந்தார்கள்.

பூட்டிய ஜன்னலைத் தாண்டிப் புல் வாசம் வந்தது. வியர்த்த குழந்தைத் தலையின் வாசமும் வந்தது.

திரையில் வால்வின் கீல் ஓரம் ரத்தம் தேங்கி, பொட்டளவு உறைந்து, பெருத்தது. வால்வைத் திறந்து மூடும் இதழ் ஒன்று அசையாமல் நின்றது. முப்பத்தோராவது நொடியில் துடிப்பு பூஜ்யம்.

"அம்மா தப்புதான் கண்ணு... அம்மா தப்புதான்!" வாய்விட்டு அழுதாள்.

வரிசை மறுபடி தொடங்கியது. தொண்ணூறு. ஏறியது. பூஜ்யம்.

தொண்ணூறு.

அழுகை கேட்டுக் குவோ-ஹாவ் ஓடிவந்தான். "என்னாச்சுக்கா? இதை யாரு ஓட்டுறது?"

"அணைச்சிடு... ஐயோ, வேணாம்! அணைச்சா அவ நின்னுடுவா!"

"அக்கா, யாரு?"

"அணைக்கலேன்னா விழுந்துக்கிட்டே இருப்பாளே..."

கடைசியில் அவளே பிளக்கைப் பிடுங்கினாள். விசிறிகள் அடங்கின. திரை இருண்டது. அடுக்கின் மேல் கையூன்றிச் சாய்ந்தாள்.

உள்ளங்கைக்கு அடியில் இரும்பு துடித்தது.

கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினாள். தொண்ணூறு.

"உக்காரும்மா," என்று இரும்பில் கன்னத்தை வைத்துக் கெஞ்சினாள். "கொஞ்ச நேரம் உக்காரு, என் செல்லமில்ல?"

துடிப்பு வேகமெடுத்தது.