சால்வை போட்ட கதிரை

நாங்கள் குடியேறின பனிநாட்டு டொலார்ட் முருகன் கோயில் சந்நிதியில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொல்லுங்கள், செய்கிறேன். இதில் ஓர் எழுத்தும் பொய் இல்லை.

2004 தை மாதம், ஒரு ஞாயிறு பின்னேரம். ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்துப் பழைய தியேட்டர் ஒன்றில் இலவசப் படம். படம் பேசத் தொடங்கின புதிதில் ஜெர்மன்காரர் எடுத்த பாட்டும் பகிடியும். வெளியில் மூக்கு உதிர்கிற குளிர். சும்மா சூடு கிடைக்கிற இடத்தில் ஜெர்மன் என்ன, சீனம் என்ன?

என் மனைவி கமலாவதி முகம் கழுவப் போனாள். பக்கத்துக் கதிரையில் சால்வையைப் போட்டு அவளுக்கு இடம் பிடித்தேன். கலியாண மண்டபத்தில் எங்கள் சனம் செய்கிற வேலைதானே.

அங்கே துப்புரவு வேலை பார்க்கும் மட்டக்களப்பு அக்னெஸ் தும்புத்தடியோடு குனிந்தாள்.

"அண்ணே, அதை எடுங்க. இங்க இடம் பிடிக்கப்படாது."

"ஏன் பிள்ளை, கதிரை அழுமோ?"

"பிடிச்சா ஆள் வந்திரும்."

"வரத்தானே பிடிக்கிறது!"

அவள் சிரிக்கவில்லை. சிலுவை போட்டுக்கொண்டு பின்வரிசைக்குப் போனாள்.

விளக்கு அணைந்தது. திரையில் ஒரு ஹோட்டல். பணிப்பெண்கள் கைகோத்து வரிசையாக ஆடினார்கள். கிணற்றுக்குள் இருந்து வருகிறமாதிரிப் பாட்டு, கீறலும் இரைச்சலுமாய். ஆடினவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரித்தபடியே திரையிலிருந்து என்னைப் பார்த்தார்கள்.

நான் இடப்பக்கம் சரிந்தேன்.

அத்தனை கண்களும் சரிந்தன.

வரிசையில் ஒருத்தி கையை விடுவித்தாள். திரையின் ஓரம்வரை நடந்தாள். பிறகு அவளைக் காணவில்லை.

பக்கத்துக் கதிரை கிறீச்சிட்டது.

முகப்பவுடர் வாசம். அதற்கு அடியில், கனகாலம் பூட்டிக்கிடந்த பெட்டியின் வாசம்.

"கமலா?"

என் முழங்கையில் ஏதோ பட்டது. ஐஸ்.

திரும்பத் துணிவில்லாமல் திரையைப் பார்த்தேன். வரிசையில் இடைவெளி இல்லை. அந்த இடத்தில் கமலாவதி நின்றாள், குளிர்ச் சப்பாத்தோடு. இரண்டு பக்கமும் அவள் கைகளை இறுக்கிப் பிடித்திருந்தார்கள். பாட்டுக்குள் அவள் குரல்:

"இஞ்சாருங்கோ, என்ரை இடத்தை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

பின்னால் அக்னெஸ் கிசுகிசுத்தாள். "படம் முடிய முதல் சால்வையை இழுங்க அண்ணே. முடிஞ்சா மாறாது."

இழுத்தேன்.

மறுபக்கமும் இழுத்தது.

பல்லைக் கடித்து இழுத்தேன். சால்வை கையோடு வந்ததும், திரையில் கடைசி எழுத்து விழுந்ததும் ஒன்றாய்.

விளக்கு எரிந்தது. பக்கத்தில் கமலாவதி தலைமயிரைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"வாங்கோ, போவம்."

வீடு இருக்கிற ரொக்ஸ்பரோ வரைக்கும் கார்க் கண்ணாடியில் என் பக்கம் மூச்சுப்பட்டு மங்கியது. அவள் பக்கம் கண்ணாடி துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

இப்போதும் குசினியில் தேத்தண்ணி ஆற்றும்போது ஏதோ பாடுகிறாள், இசைத்தட்டுக் கீறலையும் சேர்த்து. குறை சொல்ல மாட்டேன். தேத்தண்ணி நல்லாய்த்தான் இருக்கிறது.

அந்தச் சத்தியத்தில் இதையும் சேருங்கள்: நான் கலியாணம் கட்டினதே இல்லை.