நாலு விநாடிக்கு ஒரு அடி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு ரெண்டு வாய்.

போனில் ஒரு வாய். நேரில் ஒரு வாய்!

போனில் 'ஐயா, சாப்டீங்களா' என்பான். நேரில் போய் நின்றால் 'யோவ் பெருசு' என்பான். எனக்கு வயசு அறுபத்தெட்டு. படிப்பு மூணாங்கிளாஸ். நாற்பது வருஷம் தோல் பதனிடும் டேனரிகளில் எலக்ட்ரீஷியன். எவனையும் நம்புவதில்லை. அறுந்து கிடக்கும் ஒயரைக்கூட டெஸ்டர் வைக்காமல் தொடமாட்டேன்.

அப்படிப்பட்ட நானே அன்றைக்கு ஏமாந்தேன்.

ஒரு மனுஷன் செத்துக்கொண்டிருக்கும் சத்தத்தை, கையில் ஸ்க்ரூ டிரைவரோடு நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்!

காலை ஒன்பது மணி. என் போன் அலறியது.

"வேதாசலம் ஐயாங்களா? நான் செந்தில்குமார். ஆம்பூர்ல பாட்டு ரெக்கார்டிங் ஸ்டூடியோ வெச்சிருக்கேன். கிடார் ஆம்ப்ளிஃபயர்ல ஒரே உறுமலுங்க. மூணு பேர் பார்த்துட்டாங்க, போவலை."

"எப்பவும் உறுமுதா?"

"இல்லீங்க. திடீர்னு வரும், தானா நிக்கும். நீங்க வர்றதுக்குள்ள நானும் ஒயரைப் பின்னாடியே புடிச்சுப் போய்ப் பார்க்கறேன். கொஞ்சம் வாங்க ஐயா."

குடியாத்தத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று.

பழைய தோல் குடோனை ஸ்டூடியோ ஆக்கியிருந்தார்கள். சுவரெல்லாம் பஞ்சு. ஒட்டினாற்போல் பக்கத்தில் ஒரு டேனரி. கேட்டில் அரக்கு சீல். மூடி ஒரு வருஷம். கரன்ட் லைனையும் பிடுங்கியாகிவிட்டது.

உள்ளே ஒரே ஒருத்தன். கண்காணிப்பு கேமரா ரெக்கார்ட் ஆகிற பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் துள்ளி விழுந்தான்.

"யார்யா நீ?"

"இன்னாப்பா... காலைல நீ போன் போட்டுட்டு என்னை யாருன்னு கேக்கறே? செந்தில்குமார் நீதானே?"

முழித்தான்.

"ஆங்... நான்தான். ரிப்பேர் ஒண்ணும் வாணாம். கெளம்பு பெருசு."

பார்த்தீர்களா? ரெண்டே மணி நேரத்தில் 'ஐயா' 'பெருசு' ஆகிவிட்டது!

"ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். பார்க்காம போவ மாட்டேன்."

ஆம்ப்ளிஃபயர் உறுமிக்கொண்டுதான் இருந்தது.

கிடார் ஒயரைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. ரெக்கார்டிங் மேஜையிலிருந்து வரும் ஒயரைப் பிடுங்கினேன். நின்றது! மறுபடி சொருகினேன். உறுமியது.

"ஆம்ப்ளிஃபயர்ல கோளாறு இல்ல. உங்க எர்த் ஒயர்ல கரன்ட் ஓடுது. ஓடவே கூடாது. மெயின் சுவிட்ச் எங்கே?"

அவன் விறுவிறுவென்று போய் ஒரு கதவைத் திறந்தான்.

கக்கூஸ்.

"சொந்த எடத்துல மெயின் எங்கன்னு தெரியலையா?"

அப்போது மேஜை மேலிருந்த போன் அடித்தது. திரையில் 'பூரணி' என்று பேர்.

"வூட்டுக்காரம்மாவா? எடுத்துப் பேசு."

"ராங் நம்பர்."

"ராங் நம்பருக்கு ரோஜாப்பூ படம் வெச்சிருக்கியா?"

முறைத்தான். வெறும் கால். விரல் இடுக்கில் நீலக் கறை. தோல் பதப்படுத்தும் குரோம் தண்ணீர் பட்டால் வருகிற கறை. பாட்டுக்காரனுக்கு அங்கே என்ன வேலை?

நான் காதைத் தீட்டினேன்.

உம்ம்ம்ம்... உம்! உம்ம்ம்ம்... உம்!

நாலு விநாடிக்கு ஒரு தடவை உறுமல் தூக்கிப் பிடித்து, சட்டென்று விழுந்தது.

இந்தத் தாளம் எனக்குத் தெரியும்! டேனரி டிரம். தோலைப் போட்டு உருட்டுகிற மரப் பீப்பாய். காலியாக ஓடினால் சத்தம் சீராக வரும். தண்ணீரும் தோலும் ரொம்பி ஓடினாலும் சீராகத்தான் வரும்.

ஒத்தைப் பாரம் ஒன்று உள்ளே மேலே போய், மேலே போய், தொப்பென்று விழுந்தால்தான் இப்படி!

போர்டுக்குக் கீழே குனிந்தேன். பச்சை எர்த் ஒயரில் ஒரு கறுப்பு ஒயர் முறுக்கியிருந்தது. ஜன்னல் வழியாகப் பக்கத்து டேனரிக்குப் போனது.

"இங்க இருந்து கரன்ட்டைத் திருடி, அது திரும்பி வர்ற இந்தக் கறுப்பு ஒயரை எர்த்துல கட்டியிருக்கு. சாம்பிள் போடற சின்ன டிரம் ஓடுது. அதுக்குள்ள இன்னாடா போட்டு வெச்சிருக்கே?"



கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் மட்டும் கேட்டது!

திரும்பினேன். மைக் மாட்டும் இரும்பு ஸ்டாண்ட் என் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்தது. அடுத்த அடி வாயில். ரெண்டு பல் ரத்தத்தோடு தரையில் உருண்டது.

"போடான்னா போவ மாட்டியா கெழவா? நீயும் உருளு!"

ஸ்டாண்டை மறுபடி ஓங்கினான்.

நல்ல கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. கண்ணெதிரே கறுப்பு ஒயர்.

வெட்டினேன்.

உறுமல் செத்தது. பக்கத்தில் டிரம் நின்றிருக்கும். ஆனால் டிரம் மோட்டார் வழியாக வந்த கரன்ட் போக வழியில்லாமல் வெட்டின நுனியில் காத்துக்கொண்டிருக்கும். எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரியாது!

அந்த நுனியைப் பிளேயரால் கவ்வி, இறங்கின இரும்பில் வைத்தேன்.

வெறும் கால்... சிமென்ட் தரை...

"ஆஆஆ...!"

கை இரும்போடு ஒட்டிக்கொண்டது. கண் பிதுங்கியது. உள்ளங்கை பொசுங்கும் நாற்றம். ஒயரை இழுத்ததும் மூட்டையாய் விழுந்தான். மூச்சு இருந்தது.

ஒரு கையைத் தொங்கவிட்டபடி பின் சுவர் இடுக்கில் நுழைந்து டேனரிக்குள் ஓடினேன். டிரம் மூடியின் தாழை உதைத்துத் திறந்தேன்.

உள்ளே ரத்தமும் சுண்ணாம்பும். நடுவில் ஒரு ஆள். ஒரு கை பின்பக்கமாக மடங்கியிருந்தது. முகம் முகமாகவே இல்லை.

கிழிந்த உதடு அசைந்தது.

"வேதாசலம்... ஐயாங்களா? வந்துட்டீங்களா?"

காலையில் போனில் வந்த அதே குரல்!

"நான்தாங்க... செந்தில்குமார்..."

மூன்று மணிக்கு ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் ஹேமலதா என் தோள் கட்டைப் பார்த்தபடி சொன்னாள்.

"அவன் பேரு ராஜவேலு. அந்த டேனரி வாட்ச்மேன். சீல் வெச்ச எடத்துல திருட்டு கரன்ட்ல தோல் போட்டுக்கிட்டிருந்தான். செந்தில்குமார் ஒயரைப் புடிச்சுக்கிட்டே போய்ப் பார்த்துட்டாரு. அடிச்சு உள்ள தள்ளிட்டு, தன் முகம் பதிவாகியிருக்கும்னு பயந்து கேமரா பெட்டியை எடுக்க வந்திருக்கான். அதுக்குள்ள நீங்க! ஏன் பெரியவரே, குரல் வேற, பேச்சு வேற... சந்தேகமே வரலையா?"

"போன்ல ஒரு மாதிரி, நேர்ல ஒரு மாதிரி. எல்லாரும் அப்படித்தானேம்மா?"

ஸ்ட்ரெச்சரில் போன செந்தில்குமார் என் வேட்டியைப் பிடித்தான். பக்கத்தில் பூரணி அழுதுகொண்டிருந்தாள்.

"ஐயா... உசுரு இருக்கற வரைக்கும் உங்களை மறக்க மாட்டேன்யா."

"இப்போ வலியில பேசறே. கட்டுப் பிரிச்சப்புறம் பேசு, பார்க்கலாம்."

வேட்டியை உருவிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

மறக்க மாட்டானாம்... மெயின் சுவிட்ச் எங்கே இருக்குன்னு அவனுக்காவது தெரியுமா, கேட்டிருக்கணும்!